நரிமேட்டில் பனி: பிசாரோவின் ‘ஃபாக்ஸ் ஹில், அப்பர் நார்வுட்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓர் ஓவியத்தின் அச்சுப் பிரதி தொங்குகிறது. வளைந்து போகும் ஒரு சாலை, இரண்டு பக்கமும் சில வீடுகள், மேலே லேசாகப் பனி. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டே அதைப் பார்ப்பார்கள், உட்கார்ந்ததும் ஏதாவது கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இது யார் வரைந்தது? எந்த ஊர்?

வரைந்தவர் காமில் பிசாரோ. வருடம் 1870. ஊர் லண்டனின் தென்கிழக்கில் உள்ள அப்பர் நார்வுட். அங்கே ஃபாக்ஸ் ஹில் என்று ஒரு தெரு இருக்கிறது. பெயரைத் தமிழில் சொன்னால் நரிமேடு. மதுரையிலும் ஒரு நரிமேடு இருப்பதால், மதுரைக்காரர்கள் இதைக் கேட்டதும் சிரித்துவிடுகிறார்கள்.

கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது. அசல் ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. உயரம் 35.3 சென்டிமீட்டர், அகலம் 45.7 சென்டிமீட்டர். ஒரு ஏ3 தாளைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். புத்தகத்தில் பார்த்துவிட்டு நேரில் போகிறவர்கள் “இவ்வளவு சின்னதா!” என்றுதான் முதலில் சொல்கிறார்கள். நானும் சொன்னேன்.

படத்தில் ஒன்றுமே இல்லையே? ஒரு தெரு, நாலு ஆள். இதில் என்ன விசேஷம்?

சரியான கேள்வி. விசேஷமாக எதுவும் இல்லாததுதான் இதன் சங்கதி.

இங்கிலாந்துப் பனி என்றதும் நம் மனதில் வருவது கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைதான். முழங்கால் உயரப் பனி, ஓட்டு வீட்டு ஜன்னலில் மஞ்சள் விளக்கு, பின்னால் தேவாலயக் கோபுரம். பிசாரோ அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. விழுந்திருப்பது கொஞ்சமே கொஞ்சம் பனி, தரையை முழுசாக மூடக்கூடப் போதாத பனி. அடியில் இருக்கும் மண்ணும் புல்லும் அங்கங்கே எட்டிப் பார்க்கின்றன. கறுப்பு உடையில் சிலர் அவரவர் வேலையாக நடந்து போகிறார்கள். யாரும் பனியை ரசிக்கவில்லை. தென் இங்கிலாந்தில் ஒரு குளிர்காலமாவது இருந்தவர்களுக்குத் தெரியும்: அங்கே பனி பெரும்பாலும் இப்படித்தான். காலையில் வரும், மத்தியானத்துக்குள் சேறாகிவிடும். அந்த அரைகுறைப் பனியை அப்படியே விட்டு வைத்ததால்தான் எனக்கு இந்த ஓவியம் பிடிக்கிறது.

இன்னொன்று, சாலை. பிசாரோவுக்குச் சாலைகள் மேல் தனி ஆசை. எங்கே போனாலும் ஊருக்குள் வரும் வழியை, ஊரைவிட்டுப் போகும் வழியை வரைவார். நேராகப் போகும் சாலை நம்மை ஒரே மூச்சில் கடைசிவரை கொண்டுபோய்விடும். இந்தச் சாலை வளைந்து மறைகிறது. வளைவுக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று கண் தேடிக்கொண்டே இருக்கும்.

பனி ஏன் வெள்ளையாக இல்லை?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான்.

ஒரு வெள்ளை வேட்டியை மொட்டை மாடியில் காயப் போட்டுவிட்டு, அதன் மடிப்புகளுக்குள் விழும் நிழலைப் பாருங்கள். அது கறுப்பாக இருக்காது, பழுப்பாகவும் இருக்காது. வானம் தெளிவாக இருந்தால் நிழலில் ஒரு நீலச் சாயல் தெரியும். காரணம் எளிது. வெயில் நேராகப் படும் இடத்துக்குச் சூரிய வெளிச்சம் கிடைக்கிறது. நிழல் விழும் இடத்துக்குச் சூரியன் மறைந்தாலும் வானத்தின் வெளிச்சம் போய்ச் சேர்கிறது, அந்த வெளிச்சம் நீலம். மண்ணில் விழும் நிழலிலும் அந்த நீலம் உண்டு, ஆனால் மண்ணின் நிறம் அதை விழுங்கிவிடும். பனி தன் மேல் விழும் வெளிச்சத்தை அப்படியே திருப்பிக் காட்டும். அதனால் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது.

பழைய ஓவியர்களும் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். ஆனால் நிழல் என்றால் அடர் பழுப்போ கறுப்போ கலந்து இருட்டாக்குவதுதான் பட்டறைப் பாடம். அந்தப் பாடத்தைக் கைவிட்டுக் கண்ணை நம்பியவர்கள் பிசாரோவும் பிரெஞ்சு ஓவியர் மோனேவும் அவர்களுடைய நண்பர்களும். அவர்கள் பனியை மாய்ந்து மாய்ந்து வரைந்ததே இதற்காகத்தான். இலை, பூ, புல் எல்லாம் பனியால் மூடிப்போன பிறகு மிஞ்சுவது வெளிச்சம் மட்டும்தானே.

‘ஃபாக்ஸ் ஹில்’ ஓவியத்தில் பனி என்று நாம் நம்பும் இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கிரீம், சாம்பல், மங்கிய நீலம், கொஞ்சம் மண் நிறம். தள்ளி நின்று பார்க்கும்போது கண் இவற்றைச் சேர்த்து “வெள்ளை” என்று முடிவு கட்டிவிடுகிறது.

பிசாரோ பிரெஞ்சுக்காரர்தானே? லண்டனில் அவருக்கு என்ன வேலை?

அகதியாக வந்தார். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு திருத்தம். பாரிஸில் வாழ்ந்தாலும் அவர் பிரெஞ்சுக் குடிமகன் இல்லை. 1830-ல் கரீபியன் கடலில், அப்போது டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த செயின்ட் தாமஸ் தீவில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிறப்பால் டென்மார்க் குடிமகன். பனியே விழாத தீவில் வளர்ந்த பையன் பின்னாளில் இப்படிப் பனியை வரைந்திருக்கிறான் என்பதை நினைத்தால் எனக்குத் தனி சந்தோஷம்.

1870 ஜூலையில் பிரான்சுக்கும் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. அப்போது பிசாரோ பாரிஸுக்கு மேற்கே லூவெசியன் என்ற ஊரில் ஜூலி வெலே என்ற பெண்ணோடும் இரண்டு குழந்தைகளோடும் வாடகை வீட்டில் இருந்தார். பிரஷ்யப் படை பாரிஸை நோக்கி வந்தபோது வீட்டை அப்படியே போட்டுவிட்டு, மோன்ஃபூகோ என்ற இடத்தில் நண்பர் லூதோவிக் பியெத்தின் பண்ணைக்கு ஓடினார்கள். அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்து சில வாரங்களிலேயே இறந்துபோனது. டிசம்பரில் லண்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். பிசாரோவின் அம்மாவும் உறவினர் சிலரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். இடம்பெயர்ந்தவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் இவர்களும் செய்தார்கள்: சொந்தக்காரர் இருக்கும் பக்கம் போய் இறங்கினார்கள்.

ஆக, இந்தச் சாலையில் நின்றபோது அவருக்கு வயது 40. வீடு போய்விட்டது, ஒரு குழந்தை போய்விட்டது, கையில் காசு இல்லை. படத்தில் இவற்றில் எதற்காவது அடையாளம் தெரிகிறதா என்று நான் நிறைய நேரம் தேடிப் பார்த்திருக்கிறேன். தெரியவில்லை. புது ஊரில் கண்ணெதிரே என்ன இருந்ததோ அதை வரைந்திருக்கிறார்.

ஜூலியும் அவரும் அப்போது கல்யாணம் ஆனவர்களா?

இல்லை. ஜூலி ஒரு காலத்தில் பிசாரோவின் பெற்றோர் வீட்டில் வேலை செய்தவர். அம்மாவுக்கு இந்த உறவு பிடிக்கவில்லை. கடைசியில் 1871 ஜூன் 14 அன்று க்ராய்டனில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். மூத்த பையன் லூசியனுக்கு அப்போது 8 வயது. ஆமாம், இன்று நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் அதே க்ராய்டன்தான்.

லண்டன் என்கிறீர்கள். படத்தைப் பார்த்தால் கிராமம் மாதிரி இருக்கிறதே?

கிராமமும் இல்லை, நகரமும் இல்லை. ரெண்டும்கெட்டான். நார்வுட் என்ற பெயரே வடக்குக் காடு என்பதிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் அந்த மேடு முழுக்க மரங்கள். 1851-ல் ஹைட் பார்க்கில் பெரிய கண்காட்சிக்காகக் கட்டிய ‘கிரிஸ்டல் பேலஸ்’ என்ற கண்ணாடி மாளிகையைப் பிரித்து எடுத்து வந்து, 1854-ல் இதே மேட்டின் உச்சியில், இன்னும் பெரிதாக்கி நிறுத்தினார்கள். அதோடு ரயில் வந்தது, ரயிலோடு வீடுகள் வந்தன. வயலைத் தின்றுகொண்டே நகரம் நகர்ந்து வரும் அந்த நடு நேரத்தில் பிசாரோ அங்கே இருந்தார். சென்னையில் முப்பது வருடங்களுக்கு முன் வேளச்சேரியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

கண்ணாடி மாளிகையையும் அவர் 1871-ல் வரைந்தார். அந்த ஓவியம் இன்று சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. அதிலும் ஒரு குறும்பு: உலகமே வாய் பிளந்து பார்த்த மாளிகையை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, புதிதாகக் கட்டிய சாதாரண வீடுகளுக்கும் சாலைக்கும் மீதி இடத்தைக் கொடுத்துவிட்டார். மாளிகை 1936 நவம்பர் 30 இரவு எரிந்து போனது.

இம்ப்ரெஷனிசம் 1874-ல் தொடங்கியது என்று படித்திருக்கிறேன். 1870 ஓவியத்தை எப்படி அந்தக் கணக்கில் சேர்ப்பது?

பட்டறைப் பாடத்தை விட்டுக் கண்ணில் பட்ட வெளிச்சத்தை வரைந்த இந்த நண்பர்களின் பாணிக்கு 1874-ல் வந்தது பெயர்தான். அந்த ஏப்ரலில் பாரிஸில் நண்பர்கள் சேர்ந்து தங்கள் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். மோனேயின் ‘இம்ப்ரெஷன், சன்ரைஸ்’ என்ற ஓவியத்தின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு லூயி லெரோய் என்ற பத்திரிகையாளர் “இம்ப்ரெஷனிஸ்டுகள்” என்று கிண்டல் செய்தார். கிண்டலே பெயராக ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் பட்டப்பெயர் நிலைப்பது மாதிரிதான். அதே கட்டுரையில் பிசாரோவுக்கும் அடி விழுந்தது. அங்கே அவர் வைத்திருந்த உறைபனி ஓவியத்தைப் பார்த்துவிட்டு, வண்ணத்தட்டைச் சுரண்டியதை அழுக்குத் துணியில் அப்பியிருக்கிறார் என்கிற பாணியில் லெரோய் எழுதினார்.

கைவழக்கம் மட்டும் பெயருக்கு முன்பே வந்துவிட்டது. உடைந்த தூரிகைத் தீற்றல்கள், நிறம் உள்ள நிழல், அந்த நேரத்து வானிலை, சாதாரண இடம். எல்லாம் ‘ஃபாக்ஸ் ஹில்’ ஓவியத்தில் இருக்கின்றன. 1886 வரை அந்தக் குழு எட்டுக் கண்காட்சிகள் நடத்தியது, எட்டிலும் கலந்துகொண்டவர் பிசாரோ ஒருவர் மட்டுமே.

குளிரில் வெளியே நின்றா வரைந்தார்?

அளவையும் தூரிகையின் அவசரத்தையும் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. இந்த அளவு கேன்வாஸைக் கையில் தூக்கிக்கொண்டு மேடு ஏறிவிடலாம்.

இதில் ஒரு தொழில்நுட்ப விஷயமும் உண்டு. அதற்கு முன்பெல்லாம் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருப்பார்கள். குத்தித் திறந்தால் திரும்ப மூட வழியில்லை. 1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரத்தில் பிதுக்கு குழாயைக் கண்டுபிடித்தார். பற்பசைக் குழாய்க்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திருகிப் பையில் போட்டுக்கொண்டு எங்கேயும் போகலாம் என்றானது. குளிரில் எண்ணெய் வண்ணத்துக்கு இன்னொரு வசதி: நீர் வண்ணம் உறைந்து தூரிகையிலேயே ஊசியாகிவிடும். எண்ணெய் கெட்டியாகும், ஆனால் வேலை நடக்கும்.

எல்லாரும் இப்படிக் கஷ்டப்படவில்லை. ஸ்காட்லாந்தில் ஜோசஃப் ஃபார்க்கர்சன் என்று ஓர் ஓவியர். பனியில் நிற்கும் ஆடுகளை வரைந்து வரைந்தே பெயர் வாங்கியவர். அடுப்பு வைத்த சக்கரக் குடிசை ஒன்றைச் செய்துகொண்டு, அதற்குள் கதகதப்பாக உட்கார்ந்து பனியைப் பார்த்தார். “உறைந்த ஆட்டுக்கறி” என்று அவருக்குப் பட்டப்பெயர்.

மோனேவும் அப்போது லண்டனில் இருந்தாராமே? டர்னரைப் பார்த்துத்தான் இவர்கள் கற்றார்களா?

இருந்தார். அவரும் போருக்குத் தப்பி வந்தவர்தான். இருவரும் சேர்ந்து லண்டன் அருங்காட்சியகங்களில் முந்தைய தலைமுறை ஆங்கில ஓவியர்களான டர்னர், கான்ஸ்டபிள் ஆகியோரின் ஓவியங்களைப் பார்த்தார்கள். வயதான பிறகு அந்த நாட்களை நினைவுகூர்ந்து பிசாரோ ஒரு கடிதம் எழுதினார். மோனே பூங்காக்களில் வரைந்தார், நான் நார்வுட் பக்கம் இருந்து மூடுபனி, வெண்பனி, வசந்தம் மூன்றின் விளைவுகளையும் ஆராய்ந்தேன் என்பது அதன் சாரம். தமிழில் முதல் இரண்டுக்குமே “பனி” என்று சொல்லிவிடுகிறோம், மார்கழிக் காலையில் புல்லில் கிடக்கும் துளியும் நமக்குப் பனிதான். அங்கே அவை மூன்று வேறு சமாச்சாரங்கள். மூடுபனி எல்லாவற்றையும் மங்கலாக்கும், வெண்பனி எல்லாவற்றையும் பளிச்சென்று வெட்டிக் காட்டும். பிசாரோ இரண்டையும் தனித்தனிப் பாடமாகவே எடுத்துக்கொண்டார்.

டர்னரிடம் கற்றார்களா என்றால், கொஞ்சம் உண்டு. ஆனால் டர்னரும் கான்ஸ்டபிளும் எங்களுக்குச் சிலது கற்றுக் கொடுத்தாலும் நிழலைப் பகுத்துப் பார்க்கத் தெரியாதவர்கள் என்று பிசாரோ தன் மகன் லூசியனுக்கு எழுதியிருக்கிறார். குருவுக்கும் மதிப்பெண் போடும் மாணவர்.

அப்போது இதையெல்லாம் யாராவது வாங்கினார்களா?

கிட்டத்தட்ட யாரும் இல்லை. லண்டனின் பெரிய கலை அமைப்பான ராயல் அகாடமி, 1871 கண்காட்சிக்கு பிசாரோவும் மோனேவும் அனுப்பியதைத் திருப்பி அனுப்பிவிட்டது. கைகொடுத்தவர் பால் துராண்-ரூயேல் என்ற பாரிஸ் ஓவிய வியாபாரி. அவரும் போரால் லண்டனுக்கு வந்து, நியூ பாண்ட் தெருவில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார். அந்தக் கூடத்தின் பெயர் “ஜெர்மன் கேலரி”. ஜெர்மானியப் படையிடமிருந்து தப்பி வந்தவருக்கு அமைந்த முகவரி! அவர் பிசாரோவின் ஓவியங்கள் இரண்டை வாங்கினார்.

ஆனாலும் 1871 ஜூனில் பிசாரோ ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் கசப்புதான் மிஞ்சியிருக்கிறது: இங்கே அலட்சியம்தான் கிடைக்கிறது, என் ஓவியம் எடுபடவே இல்லை, ஊர் திரும்பப் போகிறேன்.

இன்று கதை வேறு. 2014-ல் அவருடைய பாரிஸ் தெரு ஓவியம் ஒன்று லண்டன் ஏலத்தில் 1.9 கோடி பவுண்டுக்கு மேல் போனது.

திரும்பிப் போனபோது வீடு இருந்ததா?

வீடு இருந்தது, உள்ளே இருந்தவைதான் இல்லை. பிரஷ்யப் படையினர் அங்கே தங்கியிருந்தார்கள். தோட்டத்துச் சேற்றில் கால் படாமல் நடக்க அவருடைய கேன்வாஸ்களை விரித்துப் போட்டிருந்தார்கள். விட்டுவந்தது சுமார் 1,500 ஓவியங்கள், மிஞ்சியது 40 அளவில்தான். இருபது வருட உழைப்பு. 1870-க்கு முந்தைய பிசாரோ ஓவியங்கள் உலகத்தில் குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். நார்வுட்டில் வரைந்தவை அவர் கூடவே இருந்ததால் தப்பின.

நேஷனல் கேலரிக்கு இது எப்படி வந்தது?

1964-ல் ராட்கிளிஃப் பிரபுவும் அவர் மனைவியும் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள்.

கேட்ட பெயராக இருக்கிறதா? அதே சிரில் ராட்கிளிஃப்தான். அதுவரை இந்தியாவுக்கு வந்தே இராத வழக்கறிஞர். 1947 ஜூலை 8 அன்று டெல்லியில் வந்து இறங்கி, ஐந்தே வாரத்தில் பஞ்சாபையும் வங்காளத்தையும் குறுக்கே கிழித்து இந்திய-பாகிஸ்தான் எல்லைக் கோடு போட்டவர். ஆகஸ்ட் 17 அன்று அந்தக் கோடு வெளியானது. அதன் இரண்டு பக்கமும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் வீட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள். வீட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்த ஒருவர் வரைந்த இந்தச் சின்னப் படம் பின்னாளில் அவர் கையில் இருந்திருக்கிறது. கேலரியின் பெயர்ச்சீட்டில் கொடுத்தவர் பெயர் ஒரு வரியில் இருக்கும். முதல் தடவை நான் அதைக் கவனிக்கவே இல்லை. இரண்டாம் தடவை படித்தபோது கொஞ்ச நேரம் ஓவியத்தைவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த இடம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. கிரிஸ்டல் பேலஸ் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். வீடுகள் மாறிவிட்டன, ஓரமெல்லாம் கார்கள். சாலையின் வளைவு மட்டும் அப்படியே இருக்கிறது. நான் போனது ஏப்ரலில், பனியும் இல்லை ஒன்றும் இல்லை. வளைவைப் பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயிருந்து கீழே இறங்கும்படி திட்டமிடுங்கள், சரிவு உண்மையிலேயே செங்குத்து.

அச்சுப் பிரதி வாங்கலாமா? காப்புரிமைப் பிரச்சினை வருமா?

பிசாரோ 1903-ல் இறந்துவிட்டார். ஓவியத்துக்குக் காப்புரிமை இப்போது இல்லை. அதனாலேயே கண்டவர்களும் அச்சடித்து விற்கிறார்கள். இணையத்தில் மலிவாகக் கிடைத்ததென்று முதலில் ஒன்று வாங்கினேன். பனி முழுக்க நீச்சல் குளத்து நீலம்! அது இப்போது பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள்: கேலரியின் இணையதளத்தில் உள்ள படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பனியும் வானமும் அடுத்தடுத்து வரும் இடத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சில் அங்கே வெறும் தாள் வெள்ளை தெரிந்தாலோ, நீலம் தூக்கலாக இருந்தாலோ வேண்டாம். அசலின் அளவிலேயே கிடைத்தால் இன்னும் நல்லது. சோபா அகலத்துக்குப் பெரிதாக்கினால் தூரிகைத் தீற்றல்கள் பூதாகரமாகி, படம் வேறு ஏதோ ஆகிவிடும்.

நானே ஒரு பனிக்காட்சி வரையப் பார்க்கிறேன். வெள்ளை வெளேரென்று வருகிறது. என்ன தப்பு?

வெள்ளைக் குழாயை அப்படியே பிதுக்குகிறீர்கள், அதுதான். சுத்த வெள்ளையைக் கடைசி நிமிடம் வரை தொடாதீர்கள். முதலில் கேன்வாஸின் பளீர் வெள்ளையை ஒரு மங்கிய மண் நிறத்தால் மூடிவிடுங்கள். வானத்தை முதலில் போடுங்கள், பனி வானத்தைப் பார்த்துத்தான் நிறம் எடுக்கும். வெயில் படும் பனிக்கு வெள்ளையில் ஒரு பொட்டு மஞ்சள், நிழலுக்கு அல்ட்ராமரைன் நீலத்தோடு கொஞ்சம் சிவப்பு. கறுப்பை டப்பாவிலேயே விட்டுவிடுங்கள். அப்புறம் ஓர் அடர்ந்த உருவம், ஒரு மரமோ ஆளோ, எங்காவது நிற்க வேண்டும். அது இல்லாவிட்டால் பனி எவ்வளவு வெளிச்சம் என்று கண்ணுக்குக் கணக்குத் தெரியாது. பிசாரோ அந்தக் கறுப்பு உடை மனிதர்களைச் சாலையில் விட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நேரில் பார்க்க டிக்கெட் எவ்வளவு?

நேஷனல் கேலரிக்கு அனுமதி இலவசம். ட்ரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஓவியங்களை அவ்வப்போது இடம் மாற்றுவார்கள், வெளியூர்க் கண்காட்சிக்கும் அனுப்புவார்கள். கிளம்பும் முன் இணையதளத்தில் எந்த அறை என்று பார்த்துவிடுங்கள். அங்கேயே அவர் 1871-ல் வரைந்த ‘தி அவென்யூ, சிடனம்’ ஓவியமும் உண்டு. அதே வட்டாரம், பனி போய் வசந்தம் வந்தபின். முடிந்தால் அதே நாளில் கோர்ட்டால்ட் கேலரிக்கும் நடந்து போய் ‘லார்ட்ஷிப் லேன் ஸ்டேஷன், டல்விச்’ ஓவியத்தையும் பார்த்துவிடுங்கள். அங்கே கட்டணம் உண்டு. படத்தில் ஒரு ரயில் நேராக நம்மைப் பார்த்து வந்துகொண்டிருக்கும்.